பாரிஷ் வரைபடம்

பாரிஷ் வரைபடம் என்பது, ஓர் ஊர் மக்கள் தாங்கள் போற்றும் இடங்களைக் கூடிப் பேசித் தேர்ந்து, தம் கைகளாலேயே வரைபட வடிவில் ஆக்கும் கூட்டுக் கலைப்படைப்பு. 1980-களில் இங்கிலாந்தில் தோன்றியது. அளவைத் துல்லியத்தைவிட ஊராரின் பற்றுக்கே இதில் முதலிடம்.

பெயர்

பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தின் பொறுப்பிலுள்ள பகுதி. தமிழ்க் கத்தோலிக்கர் இதைப் ‘பங்கு’ என்பர். இங்கிலாந்தில் உள்ளாட்சியின் மிகச் சிறிய அலகுக்கும் இதே பெயர். ஆனால் இவ்வரைபடங்கள் அரசு எல்லைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. மக்கள் எதுவரை தம் இடம் என்று கருதுகிறார்களோ, அதுவே எல்லை.

தோற்றம்

சூ கிளிஃபோர்டு, ஏஞ்சலா கிங், எழுத்தாளர் ரோஜர் டீக்கின் ஆகியோர் 1983-இல் நிறுவிய ‘காமன் கிரவுண்ட்’ என்னும் அறக்கட்டளை இம்முயற்சியைத் தொடங்கியது. அரிய உயிரினங்களுக்கும் புகழ்பெற்ற கட்டடங்களுக்கும் பரிந்து பேச வல்லுநர்கள் உண்டு; அன்றாடம் கடந்து செல்லும் உயிர்வேலிக்கும் ஆப்பிள் தோப்புக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் ஊராரே பேச வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. 1987-இல் ஓவியர்களைக் கொண்டு வரைபடங்கள் ஆக்கி, அது ஒரு கண்காட்சி நடத்தியது. வார்விக்ஷயரின் ஓல்டு மில்வர்ட்டன் பற்றிய சைமன் லூட்டியின் படைப்பு அவற்றுள் ஒன்று.

ஆக்கும் முறை

‘இங்கே உமக்கு அருமையானது எது?’ என்ற கேள்வியில் வேலை தொடங்கும். ஊரார் பாதைகளில் சேர்ந்து நடப்பர். மூத்தோரிடம் வயல்களின் பழைய பெயர்களையும் வழக்கொழிந்த கதைகளையும் கேட்டுக் குறிப்பர். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற விவாதமே இதன் உயிர். ஒரே அளவுத்திட்டம் தேவையில்லை; பெருஞ்சாலை நூலாக மெலியலாம், ஒரு முதிய மரம் தேவாலயத்தைவிடப் பெரிதாகலாம். வண்ண ஓவியம், பூத்தையல், ஒட்டுத்துணி, களிமண், நிழற்படம் என ஊடகம் எதுவும் ஆகலாம். முடிந்த படைப்பு பெரும்பாலும் ஊர்ப் பொதுமன்றத்திலோ தேவாலயத்திலோ மாட்டப்படும்.

பரவல்

2000-ஆம் ஆண்டை ஒட்டி மேற்கு சசெக்ஸ் மாவட்டத்தின் பல ஊர்கள் இவற்றை ஆக்கின. அவை 2006-இல் நூலாகத் தொகுக்கப்பட்டன. இத்தாலியில் சூழல் அருங்காட்சியகங்கள் இம்முறையை ‘சமூக வரைபடம்’ என்ற பெயரில் ஏற்றன.

மதிப்பீடு

புவியியலாளர்கள் டேவிட் கிரவுச், டேவிட் மேட்லெஸ் இருவரும் 1996-இல் இவற்றை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அழகிய நாட்டுப்புறம் பற்றிய ஏக்கமே மேலோங்கி, புதுக் குடியிருப்புகளும் ஊரின் பிணக்குகளும் விடுபட்டுப்போகும் வாய்ப்பு இதன் குறை. ‘ஊரார்’ என்போர் யார் யார் என்பதும் கேள்வியே. கூடிப் பேச வந்தவர்களின் ஊர்தான் வரைபடத்தில் இடம்பெறும்.