படம் முடிந்த பின் பேசுவதற்கு ஓர் இடம்

சென்ற பருவத்தில் வகுப்பு முடிந்து புறப்படும் வேளையில் மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஐயா, சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேச வகுப்பு இருக்கிறது, பட்டிமன்றம் இருக்கிறது. பார்த்த படத்தைப் பற்றிப் பேச நம் ஊரில் எங்கே போவது?" தேநீர்க் கடைக்குப் போகலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டோம். தாராபுரத்துப் பேருந்து நிலையத்தைக் கடந்து அமராவதிப் பாலம் வரை நடந்து வருவதற்குள் அந்த விடை நமக்கே போதாமல் போயிற்று. அதன் விளைவே இக்கட்டுரை.

தமிழ்த் திரைப்பட வரலாற்றை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவரான சு. தியடோர் பாஸ்கரன் 1940-இல் பிறந்தது இதே தாராபுரத்தில்தான் என்பது இவ்வூரார் பலருக்கே தெரியாது. 1981-இல் வெளிவந்த 'தி மெசேஜ் பேரர்ஸ்' என்னும் அவரது நூல், விடுதலைப் போராட்டக் காலத்தில் நாடகமும் திரைப்படமும் தென்னாட்டு அரசியலோடு எவ்வாறு பிணைந்திருந்தன என்பதை ஆராய்ந்தது. அத்தகைய ஆய்வுக்கு முதல் இடர், படங்களே இல்லாமற்போனதுதான். 1910-களில் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' இன்று இல்லை. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களுள் நமக்கு எஞ்சியிருப்பதாக அறியப்படுவது 1933-இன் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. அதுவும் நாவலின் உரிமை பற்றிய வழக்கில் சிக்கிப் பதிப்பகத்தார் வசம் கிடந்ததால் பிழைத்தது. 1974-இல் அது பூனாவின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது.

படச்சுருளாவது எங்கேனும் ஒரு பெட்டியில் கிடந்து பிழைக்கக்கூடும். பார்த்தவர்கள் பேசிய பேச்சுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எழுதி வைக்கப்பட்டால் அன்றி அது அன்றே மறைந்துவிடும். இந்நாட்டில் அது பெரிய அளவில் எழுதி வைக்கப்பட்ட தொடக்கக் காலத் தருணம் 1927-28-இல் வாய்த்தது. சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியாரின் தலைமையில் ஆங்கில அரசு அமைத்த திரைப்பட விசாரணைக் குழு ஊர் ஊராகச் சென்று 353 சாட்சிகளை விசாரித்தது. கேள்வி கேட்டது அரசாயினும் விடை சொன்னவர்கள் கொட்டகைக்காரர்கள், ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், சமூகத் தொண்டர்கள். அக்காலத்து மக்கள் திரையை எந்தக் கண்ணோடு பார்த்தனர் என்பதை நாம் இன்று அறிவதற்கு அந்தச் சாட்சியங்களே பெருந்துணை. பேச்சைப் பதிவு செய்ததால் விளைந்த நன்மை இது.

நம் கொங்கு நாட்டுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவு பழையது. இரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பின்னர்க் கோவையில் 1914-இல் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டினார். கோவையின் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் படங்களை ஆக்கித் தந்தன. 1954-இன் 'மலைக்கள்ளன்' பட்சிராஜாவின் படமே. ஆக்கும் இடமும் காட்டும் இடமும் இங்கே இருந்தன. ஆய்ந்து பேசும் இடம் மட்டும் நெடுநாள் அமையவில்லை.

அத்தகைய இடத்துக்கு உலகெங்கும் வழங்கிய பெயர் திரைப்படச் சங்கம். இலண்டனில் 1925-இல் தொடங்கப்பட்ட சங்கம், பொது அரங்குகளில் தடை செய்யப்பட்டிருந்த 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தை 1929-இல் தன் உறுப்பினர்களுக்குக் காட்டியது. சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் 1947-இல் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். இந்தச் சங்கத்தின் கதையில் பலர் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. 1952-இல் அது செயலற்றுப் போனது. நான்கு ஆண்டுகள் கழித்து, 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்து புகழ்பெற்ற பின், 1956-இல் மீண்டும் உயிர் பெற்றது. மூடப்பட்ட இடத்தை விரும்பியவர்களே திறந்தனர். 1959-இல் கல்கத்தா, தில்லி, சென்னை, பம்பாய் முதலிய ஊர்களின் சங்கங்கள் கூடி இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை நிறுவின. ராய் அதன் தலைவரானார். சென்னையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதன் துணைத் தலைவர்களுள் ஒருவர்.

இச்சங்கங்களின் நடைமுறையை இன்றைய மாணவர்க்கு விளக்கியாக வேண்டும். படங்கள் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் சுருள்களில் வந்தன. பேசும் படத்துக்கு ஒரு நிமிடத்திற்கு 36 அடிச் சுருள் ஓடும். ஆக இரண்டு மணி நேரப் படம் ஏறத்தாழ 4,320 அடி. 1,600 அடிச் சுருளாயின் மூன்று. ஒற்றைக் கருவி வைத்திருந்த சங்கத்தில் சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். அந்த இடைவெளியில்தான் பேச்சுத் தொடங்கும். தூதரகங்களும், 1964-இல் நிறுவப்பட்ட பூனாக் காப்பகமும் சுருள்களைக் கடனாகத் தந்தன. அக்காப்பகத்தை வளர்த்தெடுத்த பி.கே. நாயர் படங்களைச் சேமித்ததோடு நில்லாது, அவை சிற்றூர்களுக்கும் செல்லவேண்டும் என்பதில் முனைப்புக் காட்டினார். கர்நாடகத்தின் ஹெக்கோடு என்னும் சிற்றூரில் கே.வி. சுப்பண்ணாவின் நீனாசம் அமைப்பு உலகத் திரைப்படங்களை ஊர் மக்களுக்குக் காட்டி அவர்களைப் பேச வைத்தது. 1991-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. கேரளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-இல் தொடங்கிய சித்ரலேகா, சங்கங்களின் வலையையே ஊர்தோறும் விரித்தது. அந்த மண்ணிலிருந்து வந்த ஜான் ஆபிரகாம் தமிழில் எடுத்த 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் நம் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். பேசுபவரும் ஆக்குபவரும் ஒரே கூடத்தில் அமர்ந்ததால் விளைந்த பயன் இது.

பின்னர் இவை ஏன் தளர்ந்தன? 1982-இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. ஒளிநாடா வீட்டுக்குள் வந்தது. 16 மில்லிமீட்டர் சுருள் வழக்கொழிந்தது. படம் எளிதில் கிடைத்தபோது, படத்துக்காகக் கூடியவர்கள் கூடவேண்டிய தேவை இல்லை என்று எண்ணினர். கூடியது படத்துக்காக மட்டுமன்று, பேச்சுக்காகவும்தான் என்பது கூடாமற்போன பின்னரே புலப்பட்டது. கோவையில் 'கோணங்கள்' போன்ற அமைப்புகள் இரண்டாயிரங்களில் மீண்டும் திரையிட்டுக் கலந்துரையாட முனைந்தது இந்த இழப்பை உணர்ந்தமையால்தான் என்று கருதுகிறோம்.

இழந்த இடத்தைத் திரும்பக் கேட்பது வெறும் பழம்பற்று என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு 1968-ஆம் ஆண்டின் பாரிஸ் விடை சொல்லும். சினிமாதெக் என்னும் திரைப்படக் காப்பகத்தை 1936-இல் நிறுவியோருள் ஒருவரான ஆன்றி லாங்லுவாவை அவ்வாண்டு பிப்ரவரியில் அரசு பதவி நீக்கியது. அங்கே நாள்தோறும் படம் பார்த்துப் பேசி வளர்ந்த துருஃபோ, கோதார் முதலியோர் தெருவில் இறங்கினர். பிப்ரவரி 14 அன்று காவலரின் தடியடி பட்டனர். சாப்ளின் உள்ளிட்ட இயக்குநர்கள் பலர் தம் படங்களை அங்கே காட்டக்கூடாது என்று எழுதினர். ஏப்ரல் 22 அன்று லாங்லுவா மீண்டும் பொறுப்பேற்றார். பார்வையாளர்கள் கேட்டார்கள், கிடைத்தது. நம் நாட்டில் 2022-இல் பூனாக் காப்பகமும் பிலிம்ஸ் டிவிஷனும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டன. அதற்கு முன்பே திரைக்கலைஞர் பலர் எதிர்த்துக் கடிதம் எழுதினர். இணைப்பு நிற்கவில்லை. எல்லாக் கோரிக்கையும் வெல்வதில்லை என்பதையும் வரலாறு மறைப்பதில்லை.

பழைய சங்கங்களைக் குறையற்றவை என்று நாம் கூறமாட்டோம். அவை பெரும்பாலும் நகரத்தாருக்கும் ஆங்கிலம் அறிந்தாருக்கும் உரியனவாக இருந்தன. இரவுக் காட்சிக்கு வரமுடியாத பெண்களின் கருத்து அங்கே ஒலித்தது அரிது. எனவே மீட்கவேண்டியது பழைய உறுப்பினர் பட்டியலை அன்று. விளக்கு எரிந்ததும் ஒருவர் சொல்ல மற்றவர் மறுக்கும் அந்த வழக்கத்தை. அதோடு பேசியதைக் குறித்து வைக்கும் பழக்கத்தையும் சேர்த்தே மீட்கவேண்டும். ரங்காச்சாரியார் குழு கேட்டது. நமக்குச் சாட்சியம் கிடைத்தது. சென்ற நாற்பது ஆண்டுகளில் தாராபுரத்துக் கொட்டகை வாசல்களில் பேசப்பட்டதை யாரும் கேட்டுக் குறிக்கவில்லை, அது போயிற்று.

அந்த மாணவருக்கு இப்போது வேறு விடை சொல்லியிருக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, பெண்களும் பேருந்து பிடித்து வீடு திரும்ப இயலும் நேரத்தில், வகுப்பறையில் ஒரு படம்; அதன் பின் பேச்சு. பேசுவதை ஒரு குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பு அவருடையது. முதற் பக்கத்தில் தேதியை எழுதிவிட்டு, "ஐயா, இதை யார் படிப்பார்கள்?" என்று கேட்டார். ஐம்பது ஆண்டு கழித்து இவ்வூரில் பிறக்கும் ஓர் ஆய்வாளர் படிப்பார் என்றோம்.