நிஞ்சா விளையாட்டும் தோல்வியின் பயனும்

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் மாலை வேளையில் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கிறான். திரையில் கறுப்பு உடை அணிந்த வீரன் ஒருவன் வாளை வீசுகிறான்; அடுத்த கணமே வீழ்ந்து மடிகிறான். பிள்ளை பொத்தானை அழுத்துகிறான். வீரன் எழுகிறான், அதே இடத்தில், அதே பகைவனால், மீண்டும் மடிகிறான். இருபது முறை இவ்வாறு நிகழ்ந்த பின்னரும் பிள்ளை இடத்தை விட்டு எழுவதாக இல்லை. "தோற்பதற்கென்றே ஒரு விளையாட்டா?" என்று பாட்டி கேட்கிறாள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடப் புகுந்தால், ஜப்பான் நாட்டின் பழைய மலை ஊர்கள் வரையில் நாம் சென்று வர வேண்டியிருக்கும்.

நிஞ்சா என்னும் சொல் இன்று உலகெங்கும் வழங்குகிறது. ஆயினும் முற்கால ஜப்பானியர் இவர்களைப் பெரும்பாலும் 'ஷினோபி' என்றே குறித்தனர். இன்றைய மியே மாவட்டத்தைச் சேர்ந்த இகாவும், ஷிகா மாவட்டத்தைச் சேர்ந்த கோகாவும் இவர்களால் பெயர்பெற்ற நிலப்பகுதிகள். மலைகள் சூழ்ந்த அந்நிலங்களில் சிறு தலைவர்கள் தங்கள் ஊர்களைத் தாங்களே காத்து வந்தனர்; பேரரசர்களாக விழைந்தோர் தம்முள் ஓயாது போரிட்ட காலத்தில், அப்பகுதி மக்கள் அவர்களுக்கு ஒற்றர்களாகவும் சென்றனர். 1581-ஆம் ஆண்டில் ஓடா நொபுனாகா பெரும்படையுடன் இகாவில் புகுந்து அதனை அழித்தார். போர்கள் ஓய்ந்த பிற்காலத்தில், 1676-இல், புஜிபயாஷி என்பவர் 'பன்சென்ஷூகாய்' என்னும் பெருநூலைத் தொகுத்தார். மதில் ஏறும் கருவிகளையும் தீமூட்டும் முறைகளையும் விரித்துக் கூறும் அந்நூல், அவற்றுக்கெல்லாம் முன்னதாக மனத்தின் செம்மையைப் பற்றிப் பேசுகிறது.

ஷினோபியின் தலையாய கடமை யாது? பகைவனைக் கொல்வது அன்று. பகைவனின் கோட்டைக்குள் புகுந்து, கண்டதைக் கண்டவாறே மனத்தில் ஏற்றி, உயிருடன் திரும்பிச் செய்தி சொல்வதே அவன் கடமை. வழியில் மாண்டவனால் அனுப்பியவனுக்குப் பயனில்லை. ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறளைக் கற்ற நமக்கு இக்கருத்து புதிதன்று. ஷினோபியைக் குறிக்கும் எழுத்தும் நோக்கத்தக்கது. வாளின் அலகைக் காட்டும் வடிவம் மேலே. நெஞ்சைக் காட்டும் வடிவம் கீழே. இரண்டும் இணைந்த அவ்வெழுத்துக்கு மறைதல் என்பதும் பொருள்; பொறுத்தல் என்பதும் பொருள். இவ்விரண்டாம் பொருளை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வொற்றர்கள் கதை மாந்தராயினர். 1962-இல் 'ஷினோபி நோ மோனோ' என்னும் திரைப்படம் ஜப்பானில் வெளிவந்தது. 1967-இல் ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றிலும் நிஞ்சாக்கள் தோன்றினர். 1980-களில் அமெரிக்கத் திரையரங்குகளில் நிஞ்சாப் படங்கள் வரிசையாக வந்தன. அதே காலத்தில்தான் வீடியோ விளையாட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. இரு வெள்ளங்கள் ஓரிடத்தில் கலந்ததில் வியப்பில்லை.

அக்காலத்து விளையாட்டுகள் கடினமாக இருந்ததற்கு முதற்காரணம் வாணிகம். 1978-இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஜப்பானிய நகரங்களில் நாணயத்தால் இயங்கும் பொறிகளைப் பெருகச் செய்தது. ஆடுவோன் விரைவில் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். தோல்வி அளவு கடந்தாலோ அவன் எழுந்து போய்விடுவான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நூலிழையில் நடப்பதே பொறியமைப்போரின் திறமையாயிற்று. 1987-இல் சேகா நிறுவனம் வெளியிட்ட 'ஷினோபி' விளையாட்டில், சிறைப்பட்ட சிறுவர்களை மீட்கச் செல்லும் ஜோ முசாஷி என்னும் வீரன், பகைவனின் குண்டோ வாளோ ஒருமுறை பட்டால் வீழ்வான். 1988-இல் டெக்மோ நிறுவனத்தின் 'நிஞ்சா கைடன்' பொறி இன்னும் ஒரு படி மேலே சென்றது. தோற்ற வீரன் கட்டுண்டு கிடக்க, சுழலும் இரம்பம் ஒன்று அவனை நோக்கி இறங்கி வரும். திரையில் எண்கள் குறைந்துகொண்டே வரும். எண் முடியுமுன் நாணயம் இட்டால் அவன் பிழைப்பான்! ஆடுவோனின் பரிவையே விலையாக்கிய அச்சுறுத்தல் அது.

அதே 1988-ஆம் ஆண்டின் இறுதியில், அதே பெயரில், வேறொரு விளையாட்டை டெக்மோ நிண்டெண்டோவின் வீட்டுப் பெட்டிக்காக வெளியிட்டது. தந்தையின் மறைவுக்குக் காரணம் தேடி அமெரிக்கா செல்லும் ரியூ ஹயபுசாவின் கதை அது. காட்சிக்குக் காட்சி திரைப்படம் போல் விரிந்தது. வீட்டிலோ நாணயம் இடவேண்டியதில்லை. எத்தனை முறையும் தொடரலாம். அவ்வாறிருந்தும் கடுமை குறையவில்லை. அடிபட்டால் வீரன் பின்னோக்கித் தள்ளப்படுவான். பின்னே பள்ளம் இருக்கும். பறவை ஒன்று சரியாக அவன் தாவும் வேளையில் பாய்ந்து வரும். சிறிது பின்வாங்கினாலும், வீழ்த்திய பகைவன் மீண்டும் தோன்றிவிடுவான். நம் நாட்டிலும் 1990-களில் அப்பெட்டியின் நகல்கள் 'டி.வி. கேம்' என்ற பெயரில் கடைகளில் விற்கப்பட்டன. 'கேசட்' மாற்றி ஆடிய அத்தலைமுறையினர் இன்று பெற்றோராகிவிட்டனர்.

நாணயத்தின் தேவை நீங்கிய பின்னும் கடுமையை மக்கள் விரும்பி ஏற்றது ஏன்? இங்கேதான் பழைய ஷினோபி நமக்குத் துணை வருகிறான். அந்த விளையாட்டில் பறவை எப்போதும் ஒரே இடத்தில்தான் வரும். பகைவன் எப்போதும் அதே மூலையில்தான் நிற்பான். விதி மாறுவதில்லை. ஆகவே முதன்முறை வீழ்ந்தவன் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. 'இவ்விடத்தில் பறவை வரும்' என்னும் செய்தியுடன் திரும்புகிறான். இரண்டாம் முறை வீழ்ந்தவன், 'தயங்கிப் பின்வாங்காதே' என்னும் செய்தியுடன் திரும்புகிறான். திரையில் வீரன் மடிகிறான். ஆடுவோனோ பகைவர் கோட்டையை வேவு பார்த்துவிட்டு உயிருடன் வருகிறான். இருபது முறை தோற்ற பிள்ளை உண்மையில் இருபது ஒற்றர்களை அனுப்பியிருக்கிறான். வாள் வீசும் திரைவீரனை விட, அவனை இயக்கும் பிள்ளையே பழைய ஷினோபிக்கு நெருங்கியவன் எனலாம்.

ஆயின் எல்லாக் கடுமையும் இவ்வாறு பயன் தருவதன்று. அதே விளையாட்டின் ஆறாம் அங்கத்தில், இறுதிப் பகைவனிடம் தோற்றவன் அங்கத்தின் தொடக்கத்திற்கே திருப்பி அனுப்பப்படுகிறான். ஏற்கெனவே நன்கறிந்த வழியையே மீண்டும் மீண்டும் நடக்க வேண்டும். அதில் புதிய செய்தி இல்லை. களைப்பு மட்டுமே உண்டு. தோல்வியிலிருந்து ஒன்றும் கிடைக்காதபோது கடுமை கொடுமையாகிறது. நல்ல விளையாட்டுக்கும் தீய விளையாட்டுக்கும் உள்ள எல்லைக்கோடு இதுவே என்று நாம் கருதுகிறோம்.

2004-இல் டொமோனோபு இடகாகியின் தலைமையில் டெக்மோவின் 'டீம் நிஞ்சா' குழுவினர் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்காக நிஞ்சா கைடனைப் புதிதாக அமைத்தனர். முதல் அத்தியாயத்தின் முடிவிலேயே முராய் என்னும் வீரன் நுஞ்சாக்கு ஏந்தி எதிர்நிற்பான். பொத்தான்களைக் கண்டவாறு அழுத்துவோர் அவனைக் கடக்க இயலாது. தற்காக்கக் கற்றவரே கடப்பர். அடுத்த ஆண்டில் வந்த திருந்திய பதிப்பு, பலமுறை தோற்றவர்க்கு எளிய வழி ஒன்றைத் தந்தது. ஆனால் அதற்கு இட்ட பெயர் 'நிஞ்சா நாய்' என்பது! உதவியும் கொடுத்து, உடன் இகழ்ச்சியும் கொடுத்த செயல் அது.

2019-இல் ஹிடேடகா மியாசாகியின் இயக்கத்தில் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 'செகிரோ' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் தொடக்கத்திலேயே கெனிச்சிரோ என்னும் பகைவனிடம் நாயகன் தன் கையை இழக்கிறான். ஆடுவோன் எவ்வளவு திறம்பட ஆடினும் அந்த இழப்பு நேர்ந்தே தீரும். பின்னர் கோட்டையின் உச்சியில் அதே கெனிச்சிரோவை மீண்டும் எதிர்கொள்ள வேண்டும். அதற்குள் ஆடுவோன் ஒன்றைக் கற்றிருப்பான். பகைவனின் வாள் இறங்கும் அந்தக் கணத்தில், ஓடாமல் நின்று, வாளால் வாளைத் தட்ட வேண்டும். விலகி ஓடினால் பகைவன் மீண்டும் நிலைகொள்வான். நெருங்கி நின்றால் நிலைகுலைவான். கையை இழந்த அன்று கிடைத்த செய்தி கோட்டையின் உச்சியில் பயன்படுகிறது. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த விருது விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்னும் பரிசு செகிரோவுக்கே கிடைத்தது.

அப்பொழுது எழுந்த ஒரு வாதத்தையும் இங்கே கூற வேண்டும். செகிரோவில் எளிய முறை என்று ஒன்றும் இல்லை. கைவிரல்கள் விரைந்து இயங்காதவர்களும், முதியோரும், பார்வை குன்றியோரும் என்ன செய்வது என்று பலர் கேட்டனர். கடுமையே அதன் உயிர் என்று வேறு பலர் மறுத்தனர். இரு சாராரிடமும் உண்மை உண்டு. எனினும், ஒற்றனின் மதிப்பு அவன் கொணரும் செய்தியில் உள்ளதேயன்றி, ஏறிய மதிலின் உயரத்தில் இல்லை. ஒருவனுக்குத் தாழ்ந்த மதிலே பெருமுயற்சியாக இருக்கலாம். ஆகவே இகழ்ச்சியில்லாத எளிய வழியால் விளையாட்டின் பெருமை குறையாது என்பதே நம் துணிபு. 2025-இல் வெளிவந்த நான்காம் நிஞ்சா கைடனில், கடும் முறைகளோடு புதியவர்க்கு உதவும் முறையும் 'வீரன்' என்னும் மதிப்பான பெயருடன் இடம்பெற்றது நல்ல மாற்றமே.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். பிள்ளை தோற்கிறான் என்பது உண்மை. ஆனால் அவன் முகத்தைச் சற்றுக் கவனியுங்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் ஏதேனும் புதிதாகக் கற்றிருக்கிறானா, அன்றிச் சினத்தால் மட்டும் பொத்தானை அழுத்துகிறானா? சினம் மட்டுமே எஞ்சியிருக்குமாயின் பெட்டியை அணைத்துவிட்டு உணவுக்கு அழைப்பதே நன்று. அவ்வாறன்றி, "இப்போது எதனால் வீழ்ந்தாய்?" என்று கேட்டால் அவன் தெளிவாக விடை சொல்வானாயின், இன்னும் ஒருமுறை ஆட விடலாம். வாளுக்குக் கீழே நெஞ்சை வைத்து எழுதிய ஜப்பானியர் பொறுமை என்று கருதியது அதைத்தான்.