நீரிழிவு நோயும் மாவுச்சத்துக் குறைப்பும்: உணவை மாற்றும்போது மருந்தையும் கவனியுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்கள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே கிடைக்கிறது. கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், மேடவாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளிலும் காலையில் இட்லி, நண்பகலில் சோறு, மாலையில் தேநீருடன் பஜ்ஜி, இரவில் தோசை என்பதே பல வீடுகளின் வழக்கமாகும்.

மாவுச்சத்தை அளவோடு குறைப்பதால் இரத்தச் சர்க்கரை கட்டுப்படும். எனினும், மருத்துவரிடம் தெரிவிக்காமல் திடீரெனக் குறைப்பது ஆபத்தை விளைவிக்கலாம்.

மருந்தை ஏன் மாற்ற வேண்டியுள்ளது?

நீங்கள் வழக்கமாக உண்ணும் உணவின் அளவைக் கருத்திற்கொண்டே மருந்தின் அளவு முடிவு செய்யப்படுகிறது. சோறு பாதியாகக் குறைந்த பின்னரும் மருந்து பழைய அளவிலேயே தொடர்ந்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும்.

• இன்சுலின், கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றைப் பயன்படுத்துவோருக்கு இந்த ஆபத்து அதிகம்.
• மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இது அரிதாகவே ஏற்படும்.
• டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உட்கொள்வோர் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகலாம். அப்போது சர்க்கரை அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்குதல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மூலம் பலர் வீட்டிலேயே மாத்திரைகளைப் பெறுகின்றனர். உணவுமுறையை மாற்றப்போவதைச் சுகாதாரப் பணியாளரிடம் முன்கூட்டியே கூறுங்கள். மருந்தின் அளவை மருத்துவரே மாற்ற வேண்டும்; நீங்களாக நிறுத்தக் கூடாது.

எவ்வாறு குறைப்பது?

1. முதல் இரண்டு வாரங்களுக்கு நண்பகல் உணவில் மட்டும் சோற்றைக் குறையுங்கள். ஒரே கிண்ணத்தால் அளந்து பரிமாறுங்கள்.
2. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீனும், கால் பங்கு சோறும் இருக்கட்டும்.
3. முதலில் காய்கறியையும் பருப்பையும் உண்டு, இறுதியில் சோற்றை உண்ணுங்கள். உணவுக்குப் பின் சர்க்கரை உயரும் வேகம் குறையும்.
4. மாலையில் பஜ்ஜிக்குப் பதிலாக ஒரு சிறு கிண்ணம் சுண்டல் அல்லது மோர் போதுமானது.

நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பதால் தட்டில் சோறே மிகுகிறது. அங்கு மானிய விலையில் வழங்கப்படும் துவரம் பருப்பைக் கூடுதலாகப் பயன்படுத்தினால், பெரிய செலவின்றியே உணவை மாற்றியமைக்கலாம்.

சிறுதானியம் குறித்த தவறான எண்ணம்

நூறு கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்தும், கேழ்வரகில் சுமார் 67 கிராமும் உள்ளன. கேழ்வரகில் நார்ச்சத்து அதிகம் என்றாலும், அளவின்றி உண்ணலாம் என்று பொருளல்ல. மாவாக்கிக் காய்ச்சும் கூழும் கஞ்சியும் விரைவில் செரித்துச் சர்க்கரையை உயர்த்தும்.

தொடக்க நாட்களில்

பசி, சோர்வு, தலைவலி, மலச்சிக்கல் ஆகியவை தோன்றலாம். போதிய நீர் அருந்துங்கள், காய்கறியை அதிகரியுங்கள். மருந்து மாற்றப்படும் காலத்தில், காலை வெறும் வயிற்றிலும் உணவுக்கு இரண்டு மணி நேரத்திற்குப் பின்னரும் சர்க்கரையைப் பரிசோதித்துக் குறித்து வையுங்கள். மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

சர்க்கரை தாழ்ந்தால்

வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் தோன்றினாலோ, அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றாலோ, உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்துங்கள். 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதியுங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் மறுமுறை அருந்துங்கள். மயங்கியவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடங்கக் கூடாதவர்கள்

• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்
• முதல் வகை நீரிழிவு உள்ளோர், குழந்தைகள்
• சிறுநீரக நோய் உள்ளோர் (புரதத்தின் அளவையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்)
• எடை குறைந்த முதியோர்

சோற்றை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. சிறிது சிறிதாகக் குறைத்து, அதற்கேற்ப மருந்தையும் சீரமைத்துக்கொள்வதே நீண்டகாலம் கடைப்பிடிக்கக்கூடிய வழியாகும். உணவை மாற்றும் முன், நீங்கள் உட்கொள்ளும் அனைத்து மாத்திரைகளுடன் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும்.