படிக்கப் போனாலும் கடதாசி கேட்கிறார்கள்!
(ஒஸ்லோவில் எங்கள் வளர்ந்தோர் கல்வியின் கதை)

சித்திரை பிறக்கப் போகிறதென்றால் ஊரில் வீடு கழுவி, முற்றம் கூட்டி, பழைய சாமான்களை ஒதுக்குவோம். இங்கே அடுக்குமாடியில் முற்றத்துக்கு எங்கே போவது? அலுமாரியைத்தான் ஒதுக்கலாம். அப்படி ஒதுக்கேக்கை இந்த முறை ஒரு பழைய பச்சை ஃபைல் கையில் அகப்பட்டது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக வீட்டுக்கு வீடு என்னோடு மாறி வந்த ஃபைல். உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தின் அனுமதிக் கடிதம், வங்கிப் பற்றுச்சீட்டு, பொலிஸ் முத்திரை குத்திய கடதாசிகள், நொஸ்க் வகுப்பு முடித்த அத்தாட்சி, முகவரி பதிந்த துண்டு, "இம்முறை உங்களுக்கு இடமில்லை" என்று வந்த கடிதங்கள் இரண்டு.

மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, படிக்கிறதுக்கு இவ்வளவு பேப்பரோ?" என்றாள்.

அவள் கேட்டது சின்னக் கேள்வி. ஆனால் அந்தக் கடதாசிகளை வருட வரிசையில் அடுக்கிப் பார்த்தபோதுதான் ஒரு விசயம் விளங்கியது. முதல் காலத்தில் பள்ளிக்கூடத்தில் இடம் இருந்தால்தான் எங்களுக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி. பின்னைய காலத்தில் இருக்க அனுமதி இருந்தால்தான் பள்ளிக்கூடத்தில் இடம். சங்கிலி ஒன்றுதான், பிடிக்கும் முனை மாறிவிட்டது. இந்தக் கதையை இங்கே பிறந்த பிள்ளைகள் அறிந்திருக்க நியாயமில்லை. ஆகவே கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன்.

நோர்வேக்கு வந்த முதல் ஈழத்தமிழர் என்று சொல்லப்படுகிற அன்ரனி ராஜேந்திரம் அவர்கள் 1956 இல் வந்தார். பிறகு காரைநகரில் சீநோர் நிறுவனம் உருவாக முன்நின்றவரும் அவரே. அவரைப் பிடித்து உறவினர், நண்பர், நண்பரின் நண்பர் என்று சிலர் வந்தார்கள். அதுவரை வேலை தேடி வருவது பெரிய கரைச்சல் இல்லை. 1975 பெப்ரவரி 1 ஆம் திகதி நோர்வே அரசு வெளிநாட்டுத் தொழிலாளர் வருகையை நிறுத்தியது. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள், அது நிரந்தரமாகவே நின்றுவிட்டது. ஆனால் சில கதவுகளைத் திறந்து வைத்தார்கள். அதில் ஒன்று மாணவர் கதவு.

அதே காலத்தில் ஊரில் என்ன நடந்தது? 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்து, நல்ல புள்ளி எடுத்த எங்கள் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வாசல் மூடப்பட்டது. அவர்களில் சிலர் வந்து சேர்ந்த இடம் நோர்வேயின் ஃபோல்க்கஹொய்ஸ்கூல. மக்கள் உயர்பள்ளி என்று சொல்லலாம். டென்மார்க்கின் குருண்ட்விக் பாதிரியாரின் எண்ணத்தில் பிறந்தது. நோர்வேயில் முதலாவது, ஹாமாரில் 1864 இல் தொடங்கிய சாகாதூன். விடுதியில் தங்கி ஒரு வருடம் படிப்பது. பாட்டு, கைவேலை, பனிச்சறுக்கல், நாலு பேரோடு பழகுவது, எல்லாம் உண்டு. சோதனை இல்லை, புள்ளியும் இல்லை! புள்ளியால் அடிபட்டு வந்த பிள்ளை, புள்ளியே போடாத பள்ளிக்கூடத்தில் போய் இருந்தது. இதை நினைத்தால் இப்பவும் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே வேறொன்றும் வரும்.

நோர்வேப் பிள்ளைகளுக்கு அது ஒரு வருட ஓய்வு மாதிரி. எங்களுக்கு அதுதான் விசா. பள்ளி தந்த இடத்துக்கான கடிதம் வேணும், விடுதிச் செலவுக்கும் சீவியத்துக்கும் காசு இருக்கிறதென்று காட்ட வேணும். இங்கத்தைய பிள்ளைக்கு 1947 இல் தொடங்கிய லோனகாசன், அதாவது அரச கல்விக் கடன் நிதி, காசு தரும். மாணவ விசாவில் வந்த எங்களுக்குப் பொதுவாக அந்தப் பக்கமே பார்க்க முடியாது. ஆகவே காணி ஈடு வைத்த காசு, அக்காவின் தாலிக்கொடி அடகு வைத்த காசு, முன்னுக்கு வந்த அண்ணை கோப்பை கழுவிச் சேர்த்த காசு, எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் சில நாள் படுத்திருக்கும். அதைக் காட்டி அத்தாட்சி எடுத்த பிறகு அடுத்த தம்பியின் கணக்குக்குப் போகும். அப்படிச் செய்தவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும், பெயர் சொல்ல மாட்டேன்!

வருடம் முடிந்தால் அனுமதியும் முடியும். நீட்ட வேணுமென்றால் அடுத்த பள்ளியின் கடிதம் வேணும். சித்திரை, வைகாசி வந்தால் பனி உருகுகிறதே என்று யாரும் சந்தோசப்பட்டதில்லை. தபால்பெட்டியைப் பார்ப்பதுதான் வேலை. 1983 ஆடிக்குப் பிறகு வந்தவர்களுக்குத் திரும்பிப் போவது என்ற பேச்சே இல்லை. நல்லாய்ப் படிக்கக்கூடிய பெடியள், தாங்கள் விரும்பாத பாடத்தை, தெரியாத ஊரில், விசாவுக்காகப் படித்தார்கள். பலர் வடக்கே ஃபின்மார்க்குக்குப் போய் மீன் தொழிற்சாலைகளில் கத்தி பிடித்தார்கள். அங்கே ஆள் தட்டுப்பாடு, வேலை இருந்தது. இரவும் பகலும் ஒன்றான இருட்டில் அரிவரி நொஸ்க்கை மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற நோர்வேப் பெண்களிடம் கற்றவர்கள் பலர்.

1980களின் பிற்பகுதியில் மாணவர் வழி ஒடுங்கியது. அகதி விண்ணப்பம் பிரதான வழியாயிற்று. 1988 சனவரியில் வெளிநாட்டவர் திணைக்களம் யு.டி.ஐ. உருவானது, 1991 சனவரியில் புதிய வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எங்கள் சனத்தில் நிறையப் பேருக்கு அகதி அந்தஸ்தில்லை, மனிதாபிமான அடிப்படையிலான அனுமதிதான் கிடைத்தது. இங்கேதான் சங்கிலியின் முனை மாறுகிறது. இனிப் படிக்கிறதென்று காட்டி இருக்கத் தேவையில்லை. இருக்கிறோம் என்று காட்டித்தான் படிக்க வேணும்.

அதற்குள் சனம் மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி ஒஸ்லோவுக்கு வந்துவிட்டது. கார்ல் பேர்னர் பக்கம் இருக்கும் ரூசன்ஹோவ் பள்ளியை எங்களில் அறியாதவர் குறைவு. பகலில் துப்புரவு வேலை அல்லது சமையல்கட்டு, பின்னேரம் வகுப்பு. வளர்ந்தோர் கல்விக்கு நோர்வேயில் 1976 இலேயே தனிச் சட்டம் இயற்றி, 1977 ஓகஸ்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சட்டம் இருந்தாலும் பதிவு மேசைக்குப் போனால் முதல் கேள்வி பதினொரு இலக்க எண்தான். 1964 முதல் இந்த நாட்டில் ஆளுக்கு ஒரு எண். முதல் ஆறு இலக்கம் பிறந்த திகதி. எங்களுக்கோ கடவுச்சீட்டில் ஒரு திகதி, பிறப்பத்தாட்சியில் இன்னொன்று! பிழையான திகதியோடு எண் விழுந்தால் அதைத் திருத்துகிற பாடு தனிக் கட்டுரை.

அடுத்தது முகவரி. வீடு மாறினால் எட்டு நாளுக்குள் ஃபோல்க்கரெஜிஸ்தருக்கு அறிவிக்க வேணும். நாங்கள் ஒரு அறையில் மூன்று பேர் இருந்த காலம். வீட்டுக்காரர் ஒருவரின் பெயரைத்தான் தபால்பெட்டியில் போட விடுவார். நானும் மாறினதை அறிவிக்கவில்லை. விண்ணப்பித்த வகுப்பில் எனக்கு இடம் கிடைத்த கடிதம் பழைய முகவரிக்குப் போய், மூன்று கிழமை கழித்து என் கைக்கு வந்தது. போய் நின்றேன். "பதில் வரவில்லை, இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று" என்றார்கள். ஒரு வருடம் போயிற்று. யாரை நோவது? என்னிலும் பிழை இருந்தது. அந்த வருடத்துக்குள் என்னோடு விண்ணப்பித்த மச்சான் முறையான ஒருவர் வகுப்பை முடித்து வேறு வேலைக்கு மாறிவிட்டார்.

மேசையில் இருப்பவர் ஏன் இப்படித் துருவித் துருவிக் கேட்கிறார் என்று அப்போது கோபம் வரும். எங்களை நம்பவில்லை என்றே நினைத்தோம். பிறகு விளங்கியது, அவர் தேடுவது எங்கள் யோக்கியதையை இல்லை, எந்தப் பணப்பையிலிருந்து எங்களுக்குச் செலவு செய்வது என்பதை. அடிப்படைப் படிப்பு கொம்மூனவின் செலவு. அதற்கு மேல் உயர்தரப் படிப்பு மாவட்ட நிர்வாகமான ஃபில்க்கவின் செலவு. ஒஸ்லோ மட்டும் தானே கொம்மூனவும் தானே ஃபில்க்கவும் ஆன ஊர். ஆகவே ஒஸ்லோவில் கடை வைத்து, ஒஸ்லோக் கோயிலுக்குப் போய், லோரன்ஸ்கூக்கில் வீடு வாங்கினவர் ஒஸ்லோப் பள்ளி வாசலில் வந்து நின்றால், "உங்கள் கொம்மூனவுக்குப் போங்கள்" என்பார்கள். ரயிலில் கொஞ்ச நேர ஓட்டம்தான், ஆனால் பணப்பை வேறு.

2003 இல் அறிமுகச் சட்டம் இயற்றி, 2004 செப்டெம்பரில் எல்லாக் கொம்மூனக்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். 2005 செப்டெம்பர் 1 முதல் 300 மணித்தியால நொஸ்க்கும் சமூக அறிவும் உரிமை, கூடவே கடமை. மூன்று வருடத்துக்குள் முடிக்க வேணும். 2012 இல் அது 600 மணியாயிற்று. ஆள் கணக்கில் அரசு கொம்மூனவுக்குக் காசு கொடுத்தது. அதனால் அனுமதிப் பத்திரத்தின் வகை இன்னும் முக்கியமாயிற்று.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரே வாங்கில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள், மூவரும் தமிழ் பேசுபவர்கள், மூவரும் கலியாணம் கட்டி வந்தவர்கள். ஒருத்தியின் புருசன் இங்கே அகதியாக வந்தவர்: அவளுக்கு வகுப்பு இலவசம், உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. இன்னொருத்தியின் புருசன் சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர்: அவளுக்குப் படிக்கும் கடமை மட்டும் உண்டு, காசு தானே கட்ட வேணும். மூன்றாமவளின் புருசன் ஜேர்மன் குடியுரிமை எடுத்து இங்கே மாறி வந்த எங்கடை ஆள்: ஐரோப்பிய ஒழுங்கில் வந்ததால் அவளுக்கு உரிமையுமில்லை, கடமையுமில்லை. ஜேர்மன் கடவுச்சீட்டு எடுத்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று நினைத்த அந்த மனுசனுக்கு நொஸ்க் வகுப்புக் கட்டணச் சிட்டையைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்!

2005 க்கு முன் அனுமதி பெற்றவர்களுக்கு ஐந்து வருட இடைக்காலம் கொடுத்தார்கள், அது 2010 இல் முடிந்தது. இதில்தான் எங்கள் பெண்கள் பலர் அடிபட்டார்கள். பிள்ளை சின்னது, புருசனுக்கு இரவு வேலை, "பிள்ளை பள்ளிக்குப் போகட்டும், பிறகு படிப்பம்" என்று இருந்தவர்கள். பிள்ளை பள்ளிக்குப் போனபோது இலவச வகுப்பின் காலம் போயிருந்தது. இதற்கிடையில் 2008 செப்டெம்பர் முதல் குடியுரிமைக்கு 300 மணி படித்த அத்தாட்சி, அல்லது மொழி தெரியும் என்ற அத்தாட்சி கேட்கத் தொடங்கினார்கள். இருபது வருடம் இந்த ஊரில் வரி கட்டின அக்காமார், 1990களில் போன வகுப்பின் துண்டைத் தேடி அலுமாரி கிண்டினதை நான் கண்டிருக்கிறேன். என் பச்சை ஃபைலைப் பார்த்துச் சிரித்தவர்களும் அதில் உண்டு, சொல்ல வேணும்.

ஊர்க் கடதாசிகளின் கதை இதைவிடத் துக்கமானது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்த சனம் எதைக் கொண்டுவந்தது? பிள்ளையைத் தூக்கினவருக்கு சேர்டிபிக்கேற்றைத் தூக்கக் கையில்லை. இங்கே வந்து, "பத்தாம் வகுப்பு முடித்தேன்" என்றால், "எங்கே காட்டுங்கள்" என்பார்கள். இந்த விசயத்தில் நோர்வே போகப்போக இளகியது என்பதையும் சொல்லத்தான் வேணும். 2000 இலையுதிர் காலத்தில் 1978 க்கு முன் பிறந்தவர்களுக்கு உயர்தரப் படிப்புக்கு உரிமை கிடைத்தது. 2001 முதல் 25 வயதுக்கு மேற்பட்டவர்கள் அனுபவ அறிவைக் காட்டிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றானது. உயர்கல்விப் பத்திரம் இல்லாமல் வந்தவர்களை நேர்முகத்தில் கேட்டு மதிப்பிடும் ஒழுங்கை நூகுட் நிறுவனம் 2013 இல் தொடங்கியது.

ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கூடுதலாகக் கைகொடுத்தது இன்னொரு பழைய வழி. 1980 ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டத்தின் இருபதாம் பிரிவு. பயிலுனராக இருக்காமலே ஐந்து வருடம் ஒரு தொழிலைச் செய்தவர் நேரே சோதனைக்குப் போய் ஃபாக்பிரேவ் எடுக்கலாம். சமையல்கட்டிலும் துப்புரவிலும் பத்து வருடம் நின்றவருக்கு வேலைகொடுத்தவரின் கடிதம்தான் பள்ளிச் சான்றிதழ். கறுப்பில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கடிதம் கிடைக்கவில்லை. கூடச் சம்பளம் என்று சந்தோசப்பட்டு வரி கட்டாமல் விட்ட வருடங்கள், தேவைப்பட்ட நாளில் எந்தக் கணக்கிலும் இல்லை.

2021 சனவரியில் வந்த ஒருங்கிணைப்புச் சட்டம் மணிக்கணக்கை விட்டு, எந்த மட்டத்துக்கு மொழி வந்தது என்று பார்க்கிறது. 2024 ஓகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய கல்விச் சட்டப்படி, உயர்தரப் படிப்பையோ தொழில் தகைமையையோ முடிக்கும்வரை வளர்ந்தவருக்கும் படிக்கும் உரிமை தொடர்கிறது. ஐம்பது வயது தாண்டினவர்களும் விசாரித்துப் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. போகும்போது முகவரிப் பதிவு சரியா என்று முதலில் பாருங்கள், என் கதை உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1970, 80களில் ஃபோல்க்கஹொய்ஸ்கூலகளிலிருந்து வந்த அனுமதிக் கடிதங்கள், வகுப்புப் படங்கள், அந்தக் காலத்துக் காசு அனுப்பிய பற்றுச்சீட்டுகள் உங்கள் வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம். பிரதி எடுத்துச் சங்கத்தில் கொடுங்கள். அந்த முதல் ஆட்களில் சிலர் இப்போது எங்களோடு இல்லை, அவர்களின் பிள்ளைகளிடம் கேட்டால் அலுமாரியில் இருக்கும்.