பைலாவும் சுராங்கனியும்

‘பைலா’ என்பது சிங்களச் சொல்லன்று, தமிழ்ச் சொல்லுமன்று. ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது அது. 1505 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், 1656 இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தனர். கோட்டையும் கொடியும் கைமாறின. அவர்கள் விட்டுச்சென்ற பாட்டும் ஆட்டமும் மறையவில்லை.

அவ்விசையும் தனியொரு நாட்டுக்கு உரியதன்று. அராபியரும் ஐரோப்பியரும் கலந்து வாழ்ந்த ஐபீரியத் தீபகற்பத்தில் மத்தியதரைக் கடலோரத்து நரம்பிசை வளர்ந்தது. போர்த்துக்கேயர் ஆபிரிக்கரைப் படைவீரராகவும் பணியாளராகவும் இங்கே கொண்டுவந்தனர். அவர்களுடைய துள்ளல் தாளம் அந்நரம்பிசையோடு கூடிக் ‘காபிரிஞ்ஞா’ என்னும் ஆட்டப்பாட்டு உருவாயிற்று. அதன் நடையை நம் திஸ்ர நடை அறிந்த செவி எளிதில் இனங்கண்டுகொள்ளும். மட்டக்களப்புப் பறங்கியரும், புத்தளத்துச் சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வழியினரும் இம்மரபைப் பேணி வந்துள்ளனர்.

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் இவ்விசைக்குச் சிங்களச் சொற்களைப் பொருத்திப் பரப்பினார். எதிரெதிரே நின்று உடனுக்குடன் பாட்டுக்கட்டி மோதும் ‘வாத பைலா’வும் செழித்தது. 1960 களில் இலத்தீன் அமெரிக்க இசை வானொலி வழியாகவும் இசைத்தட்டு வழியாகவும் வந்து சேர்ந்தது. உள்ளூர் இளைஞர் தம் குழுக்களுக்கு ‘லொஸ் கபலேரோஸ்’ போன்ற ஸ்பானியப் பெயர்களைச் சூட்டினர். முன்பு கப்பலேறி வந்த உறவு, இப்போது காற்றேறி வந்தது.

1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் மொழிகளுக்கிடையே வேலியிட்டது. அதன்பின் வளர்ந்த தலைமுறையிலிருந்தே தமிழ்ப் பொப் பாடல்கள் எழுந்தன. நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியில் பாடினார். ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’யோ இரு மொழிகளையும் ஒரே பாட்டில் இணைத்தது. சுரர் என்பது தேவர்; அங்கனை என்பது பெண். தேவமகளின் பெயர் தாங்கிய அந்தக் காதலிக்குக் காதலன் கொண்டுவரும் பரிசு பொன்னன்று, பூவன்று, கடல்மீன்! கடற்கரை மக்களின் அன்றாட வாழ்வே அங்கே காதல் மொழியாயிற்று. கொட்டாஞ்சேனைத் தமிழரும் வெள்ளவத்தைத் தமிழரும் அவர்தம் சிங்கள அயலவரும் அதற்கு ஒன்றாகவே தாளமிட்டனர். 1977 இல் இளையராஜாவின் இசையில், ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் படத்தின் வாயிலாக அப்பாடல் தமிழகத்திலும் ஒலித்தது.

1983 ஜூலையில், வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. பலர் அகதிகளாயினர், பலர் கடல் கடந்தனர். பாட்டு எந்த வீட்டையும் காக்கவில்லை. காக்கும் வலிமை அதற்கு இருந்ததுமில்லை. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். ஆயினும், புலம்பெயர்ந்தோரின் திருமண மண்டபங்களில் ‘சுராங்கனி’ ஒலிக்கும்போது, சிங்களம் மறந்த தமிழரும் அந்தச் சிங்கள அடியை வாய்விட்டுப் பாடுகின்றனர். சட்டம் பிரித்த இரு மொழிகள் அந்த ஒரு பாட்டளவிலேனும் பிரியாது நிற்கின்றன. அயலவர் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகும்.