விடிகாலையில் டீசல் எஞ்சினை எழுப்புதல்: தங்கவயலிலிருந்து லடாக் வரை

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் வெப்பத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியபோது அடிப்பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸைக் கடந்தது. குளிரூட்டிய காற்றை மேலிருந்து செலுத்தியே அங்குத் தமிழ்த் தொழிலாளரை வேலை செய்ய வைக்க முடிந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டதும் இவ்வரலாறு முடிந்துவிட்டதாகக் கருதுவது ஆய்வாளரிடையே ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. ஆனால் மாரிகுப்பத்திலிருந்து பங்காரப்பேட்டைக்குச் செல்லும் ரயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் ஆகியவற்றைக் கடந்து 'பெமல் நகர்' என்ற நிறுத்தத்திலும் நிற்கிறது. அந்தப் பெயருக்குரிய தொழிற்சாலையின் வரலாறு, நேர்மாறாக, குளிரோடு தொடர்புடையது.

1962ஆம் ஆண்டின் சீனப் போர், இமயமலை எல்லையில் சாலைகள் இல்லை என்ற உண்மையை வெளிப்படுத்தியது. எல்லைச் சாலைகள் அமைப்பு 1960இலேயே தொடங்கப்பட்டிருந்தாலும், மலையை வெட்டும் கனரக இயந்திரங்களுக்கு வெளிநாடுகளையே நம்ப வேண்டியிருந்தது. 1964 மே மாதத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் உருவானது. தங்கவயலில் அமைந்த அதன் ஆலை, ஜப்பானின் கோமாட்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு புல்டோசர்களைச் செய்யத் தொடங்கியது. மார்கழி இரவிலும் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் ஊரில் பூட்டப்பட்ட இயந்திரங்கள், உறைநிலைக்குக் கீழே 20, 30 டிகிரி வரை இறங்கும் மலைகளுக்குப் பனியள்ளச் சென்றன.

அங்கே முதல் சிக்கல் பனியள்ளுவதன்று. விடிகாலையில் எஞ்சினை உயிர்ப்பிப்பது. பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் பொறியே இல்லை. உருளைக்குள் காற்றை இறுக்கி அழுத்தும்போது பிறக்கும் வெப்பமே டீசலைப் பற்றவைக்க வேண்டும். அதற்கு 200 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் தேவை. இரவு முழுவதும் பனியில் நின்ற இரும்புப் பிளாக் அந்த வெப்பத்தை உடனே உறிஞ்சிக்கொள்கிறது. குளிரில் கெட்டியான எண்ணெய் கிராங்க் தண்டைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பேட்டரியும் உறைநிலைக்கு 18 டிகிரி கீழே தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் அழுத்தப்பட்ட காற்று பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசிந்து, பிறந்த வெப்பமும் வீணாகிறது. லடாக்கில் இன்னொரு தடையும் உண்டு. 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. இறுக்குவதற்கான காற்றே அங்குக் குறைவு.

குளிர்நாடுகள் இதற்குக் கண்ட விடைகளுள் மிக எளியது எஞ்சின் பிளாக் ஹீட்டர். வீட்டில் வாளித் தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பியின் உறவு என்று அதைச் சொல்லலாம். எஞ்சினைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் அறைக்குள் ஒரு சிறு வெப்பக்கம்பி பொருத்தப்படுகிறது. சூடான நீர் தானே மேலேறி, குளிர்ந்த நீர் கீழிறங்கி, சில மணி நேரத்தில் பிளாக் முழுவதும் இளஞ்சூடாகிறது. சிறு வண்டிக்கு 400 வாட் போதும்; பெரிய எஞ்சினுக்கு 1,500 வாட் வரை ஆகலாம். இதன் முன்னோடி, அமெரிக்காவின் வட டகோட்டாவில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் உருவாக்கி 1949இல் காப்புரிமை பெற்ற கருவி. எஞ்சின் தலையை இறுக்கும் போல்ட்டுகளுள் ஒன்றைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் பொருத்தும் மின்சூடேற்றி அது. ஃப்ரீமன் எஞ்சின் தொழிற்சாலைக்காரர் அல்லர். கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு கூட்டுறவு அமைப்பின் நிர்வாகி. இந்தச் செய்தியைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. பண்ணைவீட்டுக்கு மின்கம்பி வந்த பிறகே வண்டியைச் சுவரில் சொருகி வைக்கும் எண்ணம் பிறக்க முடியும். இன்றும் கனடாவின் வின்னிபெக், எட்மன்டன் போன்ற நகரங்களில் வண்டிகளின் முகப்பில் மின்வடம் தொங்குவதையும், நிறுத்துமிடங்களில் அதற்கான மின்முனைகள் நிற்பதையும் காணலாம்.

ஆக, பிளாக் ஹீட்டரின் வரலாறு எஞ்சினின் வரலாற்றைவிட மின்சாரத்தின் வரலாற்றுக்கே நெருக்கமானது. இந்த இடத்தில் தங்கவயலையும் லடாக்கையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் கடந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902 ஜூன் மாதத்தில். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்வழிகளுள் அதுவும் ஒன்று. பெங்களூருத் தெருக்களுக்கே 1905இல்தான் மின்விளக்கு வந்தது. ஸ்ரீநகரிலிருந்து திராஸ், கார்கில் வழியாக லேவுக்குச் சென்ற 220 கிலோவோல்ட் மின்வழி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதோ 2019 பிப்ரவரியில். இடையில் 117 ஆண்டுகள்! அதற்கு முன்பு லடாக்கில் சிறு நீர்மின் நிலையங்களும், 2013 முதல் நிமு பாஸ்கோ நீர்மின் திட்டமும் இருந்தன. நெடுங்காலம் பெருஞ்சுமையைத் தாங்கியவை டீசல் ஜெனரேட்டர்களே. உறைந்த எஞ்சினைச் சூடாக்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு இன்னொரு உறைந்த எஞ்சினை முதலில் எழுப்ப வேண்டும்.

கணவாய்களின் மேலே நிற்கும் புல்டோசருக்கு அதுவும் இல்லை. அங்கு மின்முனையின் வேலையை மனிதக் கைகள் செய்தன. எண்ணெய்த் தொட்டியின் அடியில் மண்ணெண்ணெய் அடுப்பையோ ஊதுவிளக்கையோ வைத்துச் சூடேற்றுவது, வெந்நீரை ரேடியேட்டரில் ஊற்றுவது, இரவெல்லாம் எஞ்சினை அணைக்காமல் ஓடவிடுவது ஆகியவை மலைப்பாதை ஓட்டுநர்களின் பொது வழக்கங்கள். மூன்றாவது வழி பாதுகாப்பானதாகத் தோன்றினாலும், அரும்பாடுபட்டு மேலே ஏற்றிய எரிபொருளை அது வெறுமனே தின்றுவிடும். முதல் வழியில் தீ விபத்துக்கான அச்சம் எப்போதும் உண்டு. காலையில் பனியை விலக்கும் இயந்திரம் எழாவிட்டால் அதற்குப் பின்னால் எந்த லாரியும் நகராது என்பதால், அந்த அச்சத்தோடுதான் அடுப்பு பற்றவைக்கப்பட்டது. மின்சாரம் தேவைப்படாமல், வண்டியின் டீசலிலேயே ஒரு சிறு சுடரை எரித்துக் குளிர்நீரைச் சூடாக்கும் கருவிகளும் உள்ளன. சுழற்ற மட்டும் சிறிது பேட்டரி வலு போதும். ஊரடங்கிய மலைக்கு ஏற்றது பிளாக் ஹீட்டரைவிட இதுவே.

பிளாக்கைச் சூடாக்கியும் ஒரு சிக்கல் தீரவில்லை. டீசலில் இயல்பாகவே மெழுகுப்பொருள் கலந்திருக்கிறது. கடுங்குளிரில் அது படிகமாகத் திரண்டு வடிகட்டியை அடைக்கிறது. எஞ்சின் இளஞ்சூடாக இருந்தும், தொட்டியிலிருந்து எரிபொருள் வந்து சேராமல் வண்டி நின்றுபோகும். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது இதற்கு மலைமக்கள் கண்ட மருந்து; அதில் வழுவழுப்புக் குறைந்து பம்ப்பு தேய்ந்துவிடும். இந்தியன் ஆயில் நிறுவனம் உறைநிலைக்கு 33 டிகிரி கீழே வரை ஓடும் தன்மை கெடாத குளிர்கால டீசலைப் பானிப்பட் ஆலையில் உற்பத்தி செய்து லடாக்கில் அறிமுகப்படுத்தியது 2019 நவம்பரில். மின்வழி வந்து ஒன்பது மாதங்களுக்குப் பின்னர் என்பதைக் கவனிக்கலாம். லடாக்கின் டீசல் எஞ்சின்களுக்கு மின்முனையும் உறையாத எரிபொருளும் ஒரே ஆண்டில்தான் கிடைத்தன.

தங்கவயலில் சுரங்க வேலை போன பின்னர், மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். சுரங்கத்தில் இறங்கியவர்களின் நினைவுகள் ஓரளவேனும் நூல்களில் ஏறியுள்ளன. பெமல் ஆலையில் நின்று, தாம் என்றும் உணராத குளிருக்கான இயந்திரங்களைப் பூட்டியவர்களின் நினைவுகள் இன்னும் பெரும்பாலும் அவர்களுடைய வீடுகளிலேயே இருக்கின்றன.