பெயர் பெற்றவரும் பெயர் இழந்த ஊர்தியும்

பொருள் முதலில் பிறக்கிறது. பெயர் பின்னரே வந்து சேர்கிறது. அப்பெயர் நிலைபெறுவது படைத்தவர் கையில் இல்லை. இத்தாலியச் சிறுமகிழுந்து ஒன்றின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்றாகின்றது.

மிலான் நகரத்து ஆல்ஃபா ரோமியோ நிறுவனம், மேற்கூரையை மடித்துவிடத்தக்க ஜூலியெத்தா ஸ்பைடர் என்னும் இருவர் ஊர்தியை 1955-இல் வெளிக்கொணர்ந்தது. அதற்கு உருவம் தந்தவர் பாத்திஸ்தா ஃபரினா. 1893-இல் பிறந்த அவரைப் பீத்மாந்து வட்டார வழக்கில் 'பினின்' என அழைத்தனர். 'சின்னவன்' என்பது அதன் பொருள். 1930-இல் தூரின் நகரில் தம் பட்டறையை நிறுவினார். 1961-இல் குடியரசுத் தலைவரின் ஆணையால் 'பினின்ஃபரினா' என்பதே அவர்தம் குடும்பப் பெயராயிற்று. வீட்டார் இட்ட செல்லப்பெயர் சட்டத்தில் ஏறிய அருமை அது.

ஜூலியெத்தாவின் வழித்தோன்றலை உருவாக்கும் பணியும் அவரிடமே வந்தது. 1956-இல் காட்சிக்கு வைத்த 'சூப்பர்ஃப்ளோ' என்னும் மாதிரி ஊர்தியில் தோன்றிய வடிவக் கூறுகள் பத்தாண்டுகளில் படிப்படியாகக் கனிந்தன. முன்னும் பின்னும் உருண்டு குவிந்த உடல். பக்கங்களில் நீண்டோடும் குழிவரி. ஜூலியா மகிழுந்தின் அடித்தளத்தில் 2,510 மில்லிமீட்டராக இருந்த சக்கர இடைவெளி 2,250 ஆகக் குறுக்கப்பெற்றது. 1,570 கன சென்டிமீட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் நான்கு சக்கரங்களுக்கும் வட்டு பிரேக்குகளும் அமைந்தன. தூரினை அடுத்த குருலியாஸ்கோவில் உடற்பகுதி உருவாயிற்று.

1966 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் ஊர்தி அரங்கேறியது. ஏப்ரல் 3-ஆம் நாள் பினின்ஃபரினா மறைந்தார். பெயர் தேடி நடத்திய போட்டியில் 'துவெத்தோ' தேர்வாயிற்று. இருவர் இணைந்து பாடுவதைக் குறிக்கும் அச்சொல், இரண்டே இருக்கை கொண்ட ஊர்திக்கு இயல்பாகப் பொருந்தியது. ஆயினும் தின்பண்டம் ஒன்றின் வணிகப்பெயராக அது முன்னரே பதிவாகியிருந்தமையால், முறையான பெயராக நிலைக்கவில்லை. 'ஸ்பைடர்' என்னும் பொதுப்பெயரே எஞ்சியது. இத்தாலிய மக்களோ வடிவத்தைக் கண்டு 'கணவாய் ஓடு' என்றழைத்தனர். 1967-இல் வெளிவந்த 'தி கிராஜுவேட்' திரைப்படம் அவ்வூர்தியை உலகறியச் செய்தது.

1970-ஐ ஒட்டி அதன் உருண்ட வால் வெட்டப்பட்டு மட்டமாயிற்று. பின்னர் ரப்பர்த் தடுப்புகள் ஏறின, எஞ்சின்களும் மாறின. 1993-இல் உற்பத்தி முடிவுற்றபோது 1,24,000-க்கும் மேற்பட்ட ஊர்திகள் உருவாகியிருந்தன. மூல வடிவம் முழுமையாக வாழ்ந்தது ஏறத்தாழ நான்காண்டுகளே என்பது நோக்கத்தக்கது.

பினின்ஃபரினா நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்க மகிந்திரா குழுமம் 2015-இல் உடன்பாடு செய்தது. உரிமை கைமாறியும் பெயர் மாறவில்லை. சட்டம் ஒரு மனிதருக்குச் செல்லப்பெயரை உரிமையாக்கியது. அவர்தம் இறுதிப் படைப்புக்கோ சூட்டிய பெயரை மறுத்தது. எனினும் ஆர்வலர் அவ்வூர்தியை இன்றும் 'துவெத்தோ' என்றே அழைக்கின்றனர். பதிவேட்டில் இடம்பெறாத பெயருக்கு மக்கள் நாவே இருப்பிடமாகின்றது.